கண நேரத்தில் ஒரு தீர்ப்பு

வண்டிப் பந்தயம் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. கொங்கு நாட்டில் ரேக்ளா வண்டிகள் புழுதி பறக்க ஓடுவதையும், மதுரைச் சீமையின் கிராமங்களில் கோயில் திருவிழாவை ஒட்டி மாட்டு வண்டிகள் போட்டியிடுவதையும் நம்மில் பலர் இளமையிலேயே கண்டிருப்போம். அந்த ஆர்வமே பின்னர் மோட்டார் வண்டியின் பக்கமும் திரும்பியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானத் தளமாக அமைக்கப்பெற்ற சோழவரத்து ஓடுபாதை, போர் முடிந்த பின்னர் பல்லாண்டுகள் மோட்டார்ப் பந்தயக் களமாக விளங்கியது. 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே ஒரு பாதை அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் எனப்படும் உலகப் பந்தய வரிசையில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010இல் அவரைப் பின்தொடர்ந்தார். தில்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நம்மவர் சிலர், கிரேட்டர் நொய்டாவில் 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளில் நடைபெற்ற இந்திய கிராண்ட் பிரீ பந்தயத்தை நேரிலேயே கண்டிருக்கக் கூடும்.

இத்தகைய பந்தயங்களைப் பார்ப்போரிடையே அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. வளைவில் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன; சக்கரங்கள் உரசுகின்றன; ஒன்று முன்னே செல்கிறது, மற்றொன்று மணலிற் புதைந்து நிற்கிறது. ஒருவர் அதைத் தீரம் என்று புகழ்வார். அருகில் இருப்பவர் அதையே முரட்டுத்தனம் என்று இகழ்வார். மூன்றாமவர், “கண் இமைக்கும் நேரத்தில் நடந்ததற்கு யாரைக் குறை கூறுவது?” என்று இருவரையும் சமாதானப்படுத்துவார். இம்மூவருள் யார் கூறுவது சரி? ஆவேசம் எந்த எல்லை வரையில் வீரம், எந்த எல்லைக்கு அப்பால் குற்றம்? கண நேரத்தில் செய்த முடிவுக்கு மனிதன் பொறுப்பாளி ஆவானா? இவற்றையே நாம் இன்று ஆராய விரும்புகிறோம். பந்தயக் களத்தை என்றும் காணாதவர்க்கும் இக்கேள்விகளில் பங்கு உண்டு என்பது போகப் போகப் புலனாகும்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 83 மீட்டர் கடந்துவிடுகிறது. கண்ணால் ஒன்றைக் கண்டு கைகால்களை அசைப்பதற்கு மனிதனுக்கு ஏறக்குறைய ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். பயிற்சியினால் இதைச் சிறிது குறைக்கலாமே அன்றி அறவே நீக்க இயலாது. ஓட்டப் பந்தயத்தில், துப்பாக்கி ஒலித்தபின் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் காலை எடுத்து வைத்தவர் ஒலியைக் கேட்டு ஓடியவராகக் கருதப்படுவதில்லை. முன்கூட்டியே புறப்பட்டுவிட்டார் என்று விதி கூறுகிறது. உடலின் எல்லை அத்தகையது. ஆகவே, நாம் கூறிய வேகத்தில் ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்கத் தொடங்குவதற்குள்ளேயே வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் சென்றுவிடும். அது மூன்று பந்தய வண்டிகளின் நீளம். முன்னே செல்லும் வண்டியோ பெரும்பாலும் அவ்வளவு தூரத்தில் இருப்பதில்லை; கையை நீட்டினால் தொட்டுவிடும் அளவில் இருக்கும்.

அப்படியானால் பந்தய வீரர் எவ்வாறு உயிர் தப்புகிறார்? அவரது கைகால்கள் நம்முடையவற்றைக் காட்டிலும் பன்மடங்கு விரைவானவை என்று எண்ணுவது பொருந்தாது. அவர் பிறருக்கு முன்னதாகவே பார்க்கிறார் என்பதே உண்மை. வளைவில் வண்டி ஓட்டுவோரின் கண்ணோட்டத்தை ஆராய்ந்த மைக்கேல் லாண்ட், டேவிட் லீ என்ற அறிஞர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண ஓட்டுநர்களே வளைவுக்குள் நுழைவதற்கு ஓரிரு நொடிகள் முன்னதாகவே வளைவின் உட்புற விளிம்பை நோக்கத் தொடங்கிவிடுகின்றனர் என்று காட்டினர். கை திரும்புவதற்கு முன் கண் திரும்பிவிடுகிறது. பந்தய வீரரிடம் இப்பழக்கம் மிகக் கூர்மையடைந்திருக்கிறது. எனவே கண நேரத்து முடிவு என்று நாம் கருதுவது, பெரும்பாலும் அந்தக் கணத்திற்கு முன்பே தொடங்கிவிட்ட ஒரு முடிவாகும்.

இதற்கு மிகச் சிறந்த சான்று 1950ஆம் ஆண்டு மே மாதம் மொனாக்கோ நகரில் நடந்த பந்தயம். முதற் சுற்றிலேயே துறைமுகத்தின் அருகே கடலலை பாதையில் தெறித்து ஈரமாக்கியிருந்தது. இத்தாலிய வீரர் ஃபரீனாவின் வண்டி சறுக்கிச் சுழல, பின்வந்த வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிப் பாதையை அடைத்துவிட்டன. இவர்களுக்கு முன்னே சென்றுவிட்ட அர்ஜென்டினா நாட்டு வீரர் ஃபாஞ்சியோ இதை அறியார். அவர் சுற்றி முடித்து அதே இடத்தை நோக்கி விரைந்து வந்தார். வளைவு மறைத்ததால் நொறுங்கிக் கிடந்த வண்டிகள் அவர் கண்ணிற் படவில்லை. ஆயினும் அவர் திடீரென்று வேகத்தைக் குறைத்தார், மெல்ல ஊர்ந்து இடிபாடுகளின் இடையே வழி கண்டு சென்றார், பந்தயத்திலும் வென்றார். காரணத்தை அவரே பின்னாளில் விளக்கினார். முதலில் வருபவரைக் கூட்டம் பார்ப்பது வழக்கம். ஆனால் அன்று மக்கள் முகங்கள் தம்மை நோக்கவில்லை, வேறு திசையிற் திரும்பியிருந்தன. கூட்டத்தின் நிறமே மாறித் தோன்றியது. அதே களத்தில் 1936இல் நிகழ்ந்த இதுபோன்றதொரு விபத்தின் படத்தை அவர் பார்த்திருந்ததும் அக்கணத்தில் நினைவுக்கு வந்தது. கணத்தில் எடுத்த முடிவுதான். எனினும் அதற்குள்ளே பழைய அறிவும், விழிப்பும், எதையும் அலட்சியம் செய்யாத மனமும் அடங்கியிருந்தன அன்றோ?

வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை என்ற அதிகாரத்தை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை வரிசையாக வைத்திருக்கிறார். அவை அரசனுக்கும் போர்க்களத்துக்கும் கூறப்பட்டவை. ஆனால் பந்தய வீரன் வளைவின் வாயிலில் எடைபோட வேண்டியவையும் இம்மூன்றுமே. தன் வண்டியின் வலியும் மாற்றானுடைய வண்டியின் வலியும் எத்தகையன? முந்துவதற்கு உரிய காலம் இந்தச் சுற்றா, அடுத்த சுற்றா? இரண்டு வண்டிகள் செல்வதற்கு அவ்விடத்தில் இடம் உண்டா? இம்மூன்றையும் அறிந்து பாய்வது வீரம். மூன்றில் ஒன்றை மறந்து பாய்வது துணிச்சலே ஆயினும், அதன் விலையைப் பெரும்பாலும் வேறொருவர் கொடுக்க நேர்கிறது.

இம்மூன்றும் ஒன்றுசேர்ந்த காட்சி 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில் அமைந்தது. ஜெர்மானிய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் முன்னே செல்ல, பின்லாந்து வீரர் மிக்கா ஹாக்கினென் பின்தொடர்ந்தார். பந்தயம் முடிய நான்கைந்து சுற்றுகளே இருந்தன. நீண்ட நேர்பாதையில் ஹாக்கினென் முந்த முயன்றபோது ஷூமாக்கர் அவரை ஓரத்திற்கு நெருக்கினார். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் இரு வண்டிகளும் தொட்டும் தொடாமலும் இருந்தன. ஹாக்கினென் அங்கே முரண்டு பிடிக்கவில்லை. காலைத் தளர்த்திப் பின்வாங்கினார். தன் வண்டி அந்த நேர்பாதையில் வலியது என்பதை மட்டும் மனத்திற் குறித்துக்கொண்டார். அடுத்த சுற்றில் அதே இடத்தில், ஒரு சுற்றுப் பின்தங்கிய ஸோன்டா என்ற வீரர் பாதையின் நடுவே சென்றுகொண்டிருந்தார். ஷூமாக்கர் அவருக்கு இடப்புறமாகச் செல்ல, ஹாக்கினென் வலப்புறத்து இடைவெளியிற் புகுந்தார். மூன்று வண்டிகள் ஒரே வரிசையில் சென்ற அக்கணம் முடிந்தபோது ஹாக்கினென் முன்னே இருந்தார், அவரே வென்றார். பந்தயம் முடிந்ததும் அவர் ஷூமாக்கரை அணுகி, முந்தைய சுற்றில் நடந்ததைப் பற்றி உரத்த குரலின்றிக் கைகளால் காட்டிப் பேசிக்கொண்டிருந்த காட்சியைப் பலரும் கண்டனர். பின்வாங்கியவரே வென்றார் என்பது இதில் நாம் கருதத்தக்கது. ஒரு சுற்றில் விட்டுக்கொடுத்தது கோழைமை ஆகவில்லை. காலமும் இடமும் வாய்க்கும்வரை ஆவேசத்தைக் கையில் பிடித்து வைத்திருந்ததே அவரது திறமை.

ஆவேசம் இல்லாமற் பந்தயமே இல்லை என்பதையும் மறுப்பதற்கில்லை. 1979 ஜூலை முதல் நாள் பிரான்சின் டிஜோன் களத்தில், இரண்டாம் இடத்திற்காகக் கனடாவின் ஜீல் வில்நவும் பிரான்சின் ரெனே ஆர்னூவும் கடைசிச் சுற்றுகளிற் புரிந்த போர் இன்றும் பேசப்படுகிறது. ஒருவரை ஒருவர் மாறி மாறி முந்தினர். பன்முறை சக்கரங்கள் மோதின. பாதையை விட்டு விலகியும் மீண்டனர். இறுதியில் வில்நவ் கால் நொடி இடைவெளியில் முன்னே வந்தார். அந்தப் பந்தயத்தின் வெற்றி வேறொருவருடையது. ஆயினும் மக்கள் நினைவில் நிற்பவர்கள் இவ்விருவரே. அப்போர் ஏன் யாரையும் வீழ்த்தாமல் முடிந்தது? எதிரி தன்னை வேண்டுமென்றே தள்ளிவிட மாட்டான் என்ற நம்பிக்கை இருவருக்கும் இருந்தது. ஒருவன் உட்புறம் புகுந்தால் மற்றவன் ஒரு வண்டி செல்லும் அளவுக்கு இடம் விட்டான். மிகக் கடுமையான போட்டிக்கும் அடியில் இத்தகைய உடன்பாடு ஒன்று இருந்தே தீரவேண்டும்.

அந்த உடன்பாடு குலைந்தால் என்ன நேரும் என்பதை ஜப்பானின் சுசுகா களம் அடுத்தடுத்த இரு ஆண்டுகளிற் காட்டியது. 1989இல் பிரேசிலின் அயர்ட்டன் ஸென்னாவும் பிரான்சின் அலன் புரோஸ்டும் ஒரே நிறுவனத்தின் வண்டிகளை ஓட்டியவர்கள். உலகப் பட்டம் இருவரில் ஒருவருக்கு என்ற நிலை. 53 சுற்றுகளுள் 46ஆவது சுற்றில், குறுகிய இரட்டை வளைவொன்றில் ஸென்னா உட்புறமாகப் பாய்ந்தார். புரோஸ்ட் வழிவிடாமல் திரும்பினார். இரு வண்டிகளும் பிணைந்து நின்றன. புரோஸ்ட் இறங்கிவிட்டார். ஸென்னா மீண்டும் புறப்பட்டு முதலாவதாக வந்தும், அதிகாரிகள் அவரைத் தகுதி நீக்கம் செய்தனர். பட்டம் புரோஸ்டைச் சேர்ந்தது. யார்மேல் தவறு என்று இன்றும் இரு கட்சியாக வாதிடுவோர் உண்டு. வாதத்திற்கு இடமிருப்பதற்குக் காரணம், அது உண்மையாகவே ஒரு கணத்து மோதல்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததோ வேறு வகை. 1990 அக்டோபரில் ஸென்னா தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்றார். ஆனால் முதலிடத்துக்குரிய பக்கம் தூசு படிந்து வழுக்கலாக இருந்தது. பக்கத்தை மாற்றித் தருமாறு அவர் கேட்டது ஏற்கப்படவில்லை. புரோஸ்ட் முன்னே சென்றால் முதல் வளைவில் தாம் விலகுவதில்லை என்று அவர் மனத்தில் முடிவு செய்துகொண்டார். பந்தயம் தொடங்கியது. புரோஸ்ட் முன்னே சென்றார். முதல் வளைவிலேயே ஸென்னா அவர்மீது மோதினார். இருவரும் மணலிற் புழுதி கிளப்பி வெளியேறினர். பட்டம் இம்முறை ஸென்னாவுக்கு. அடுத்த மாதம் அடிலெய்டு நகரில், முன்னாள் உலக வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் இந்த மோதல்களைப் பற்றிக் கேட்டபோது, இடைவெளி கண்டும் பாயாதவன் பந்தய வீரனே அல்லன் என்ற பொருள்பட ஸென்னா விடை கூறினார். கேட்பதற்கு அது கம்பீரமாகவே இருக்கிறது. ஆனால் 1991இல், மூன்றாம் முறை பட்டம் வென்ற பின்னர், முந்தைய ஆண்டின் மோதல் வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பதை அவரே வெளிப்படையாகக் கூறினார்.

நமது மூன்றாமவரின் சமாதானத்தை இங்கே சோதித்துப் பார்க்கலாம். ‘கண் இமைக்கும் நேரத்தில் நடந்தது’ என்ற வாதம் 1990ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குச் சற்றும் பொருந்தாது. மோதியது ஒரு கணத்தில். மோதுவது என்று முடிவு செய்தது அதற்கு வெகு முன்னர். பந்தயக் களத்தின் கணநேரம் இங்கே ஒரு முடிவின் பிறப்பிடமாக இருக்கவில்லை. முன்பே பிறந்துவிட்ட முடிவுக்கு மறைவிடமாகவே பயன்பட்டது. ஸென்னாவின் ஒப்பற்ற திறமையை இவ்வாறு கூறுவது குறைப்பதாகாது. 1994 மே முதல் நாள் இத்தாலியின் இமோலா களத்தில் அவர் உயிரிழந்தபோது உலகமே துயருற்றது. அவரது உடலைச் சுமந்தோருள் புரோஸ்டும் ஒருவர். பகையும் மரியாதையும் ஒரே நெஞ்சில் இருக்கக்கூடும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

முன்னே செல்பவரும் இதே தவறுக்கு ஆளாகலாம். 1997 அக்டோபரில் ஸ்பெயினின் ஹெரெஸ் களத்தில் ஆண்டின் கடைசிப் பந்தயம். ஷூமாக்கர் ஒரே ஒரு புள்ளியில் முன்னிலை வகித்தார். அவரை முந்த வந்தவர், நாம் முன்பு கூறிய ஜீல் வில்நவின் மகன் ஜாக் வில்நவ். 48ஆவது சுற்றில் அவர் உட்புறம் புகுந்தபோது ஷூமாக்கர் தம் வண்டியை அவர் பக்கமாகத் திருப்பி மோதினார். சரளைக் கற்களிற் சிக்கி நின்றது ஷூமாக்கரின் வண்டியே. வில்நவ் மூன்றாவதாக வந்து உலகப் பட்டம் பெற்றார். விசாரணைக்குப் பின்னர், ஷூமாக்கர் அவ்வாண்டு உலகப் பட்ட வரிசையில் பெற்றிருந்த இரண்டாம் இடமே நீக்கப்பட்டது. இழக்கப் போகிறோம் என்ற அச்சம் எத்தகைய வல்லவனையும் கோபத்தின் வழியே இழுத்துச் செல்லும் என்பதை அந்த ஒரு திருப்பம் காட்டிவிட்டது.

இவற்றுக்கு எதிர்த்தட்டில் வைக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று 1958இல் போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகரில் நடந்தது. ஆங்கிலேய வீரர்களான ஸ்டெர்லிங் மோஸும் மைக் ஹாதோர்னும் அவ்வாண்டுப் பட்டத்துக்குப் போட்டியிட்டனர். போர்ட்டோவில் மோஸ் வென்றார்; ஹாதோர்ன் இரண்டாவதாக வந்தார். பந்தயத்தின் முடிவில் சறுக்கி நின்ற தம் வண்டியைப் பாதைக்கு எதிர்த்திசையிற் செலுத்தினார் என்று கூறி, அதிகாரிகள் ஹாதோர்னைத் தகுதி நீக்கம் செய்ய முற்பட்டனர். மோஸ் தாமே சென்று, எதிர்த்திசையில் அவர் சென்றது நடைபாதையிலேயே அன்றிப் பந்தயப் பாதையில் அன்று என்று சாட்சி கூறினார். ஹாதோர்னின் புள்ளிகள் நிலைத்தன. ஆண்டு முடிவில் ஹாதோர்னுக்கு 42 புள்ளிகள், மோஸுக்கு 41. நான்கு பந்தயங்களில் வென்ற மோஸ், ஒன்றில் மட்டும் வென்ற ஹாதோர்னிடம் ஒரு புள்ளியிற் பட்டம் இழந்தார். 2020இல் மறையும் வரையிலும் அவர் உலகப் பட்டம் பெறாதவராகவே இருந்தார். ஆனால் பட்டம் பெற்ற பலரைக் காட்டிலும் அவர் பெயர் உயர்வாக மதிக்கப்படுகிறது.

வேண்டுமென்றே செய்யும் குற்றம் இவ்வாறிருக்க, எவர் மனத்திலும் தீங்கு எண்ணாமல் நேரும் பிழைகளும் உண்டு. 1982 மே மாதம் பெல்ஜியத்தின் ஸோல்டர் களத்தில் தகுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தபோது, ஜீல் வில்நவ் மிக வேகமாக வந்தார். முன்னே யோகன் மாஸ் மெதுவாகச் சென்றுகொண்டிருந்தார். வில்நவுக்கு வழிவிட எண்ணி மாஸ் வலப்பக்கம் ஒதுங்கினார். அதே கணத்தில் வில்நவும் வலப்பக்கமாக முந்த முற்பட்டார். ஒருவர் மரியாதையாகச் செய்ததும் மற்றவர் நம்பிக்கையோடு செய்ததும் ஒரே இடத்தில் சந்தித்தன. டிஜோனில் அத்தனை முறை மோதியும் தப்பிய வில்நவ் அங்கே உயிரிழந்தார்.

1955 ஜூன் 11ஆம் நாள் பிரான்சின் லெ மான் களத்தில் நேர்ந்தது இதனினும் கொடிது. பெட்ரோல் நிரப்புவதற்காக ஹாதோர்ன் ஓரங்கட்டி வேகத்தைக் குறைத்தார். பின்னே வந்த மாக்ளின் அவர்மேல் மோதாதிருக்க விலகினார். அவருக்குப் பின்னே இன்னும் வேகமாக வந்த லெவே என்ற வீரரின் வண்டி அவர் வண்டிமீது ஏறிப் பறந்து, கூட்டத்தின் அருகே வீழ்ந்து சிதறியது. லெவேயும் பார்வையாளருமாக எண்பது பேருக்கு மேல் மாண்டனர். மூன்று ஓட்டுநர்கள், சில நொடிகள், எண்பது குடும்பங்கள். களத்தில் எடுக்கும் முடிவு களத்தில் உள்ளவர்களை மட்டும் சார்ந்ததன்று என்பதை உலகம் அன்று உணர்ந்தது. சுவிட்சர்லாந்து இத்தகைய பந்தயங்களையே தடை செய்தது.

நம் நாட்டு வீரர் ஒருவரும் இத்தகைய வழக்கிற் சிக்கியதுண்டு. 2012இல் மலேசியாவின் செபாங் களத்தில், ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த நாராயண் கார்த்திகேயனை உலகப் பட்ட வீரர் செபாஸ்டியன் வெட்டல் கடந்து சென்றபோது வண்டிகள் உரசின. வெட்டலின் பின்சக்கரம் கிழிந்து, அவர் புள்ளியின்றித் திரும்பினார். பந்தயம் முடிந்ததும் நம்மவரைக் கடுஞ்சொல்லால் ஏசினார். அதிகாரிகள் நாராயணுக்கு நேரத் தண்டனை விதித்தனர். தாம் இயன்றவரை ஒதுங்கினோம் என்பது நாராயணின் கட்சி. கணத்தில் நிகழ்வதை இருவர் இரு வேறாகக் காண்பது இயல்பு. அக்கணம் கழிந்த பின்னர் நாவை அடக்குவதற்கோ, கணத்தினும் நீண்ட அவகாசம் யாவர்க்கும் உண்டு.

ஆவேசத்தை அடக்குவது என்பதன் உச்சியைக் காண விரும்புவோர் 1976ஆம் ஆண்டை நோக்க வேண்டும். ஆஸ்திரிய வீரர் நிக்கி லௌடா அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில் தீயிற் சிக்கி மரணத்தின் வாயில்வரை சென்றவர். ஆறு வாரங்களிற் களம் திரும்பி நான்காவதாக வந்தார். அவரது துணிவை ஐயுற எவர்க்கும் வழியில்லை. அக்டோபரில் ஜப்பானின் ஃபூஜி மலையடிவாரத்துக் களத்தில் கடைசிப் பந்தயம். அவர் மூன்று புள்ளிகள் முன்னே நின்றார். கடும் மழை, கண்ணெதிரே நீர்த்திரை. இரண்டு சுற்றுகள் ஓட்டிவிட்டு லௌடா வண்டியை நிறுத்தி இறங்கினார். இயந்திரம் பழுதாயிற்று என்று சொல்லிவிடலாம் என அவரது குழுவினர் கூறிய யோசனையை அவர் ஏற்கவில்லை. ஓட்டுவது ஆபத்து, ஆகவே நிறுத்தினேன் என்றே கூறினார். ஜேம்ஸ் ஹண்ட் மூன்றாவதாக வந்து ஒரு புள்ளியிற் பட்டம் பெற்றார். லௌடாவைக் கோழை என்றோரும் உண்டு. அவர் 1977இலும் 1984இலும் உலகப் பட்டம் வென்று அதற்கு விடையளித்தார். பாய்வது போலவே பாயாதிருப்பதும் ஒரு முடிவு. சில வேளைகளில் அதற்கே அதிக நெஞ்சுரம் வேண்டியிருக்கிறது.

தனி மனிதரின் குணத்தை மட்டும் நம்பியிராமல் விதிகளும் வளர்ந்திருக்கின்றன. முந்த வருபவரைத் தடுப்பதற்கு முன்னே செல்பவர் ஒரு முறைக்கு மேல் திசை மாற்றலாகாது. பக்கத்தில் வந்துவிட்ட வண்டிக்குப் பாதையில் இடம் விட வேண்டும். 2012இல் ஸ்பா களத்தின் தொடக்கத்திலேயே பல வண்டிகளை மோதவைத்த ரோமன் குரோஜான் அடுத்த பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டார். 2014 முதல் தவறுகளுக்குத் தண்டனைப் புள்ளிகள் வழங்கும் முறை வந்தது; பன்னிரண்டு மாதங்களுக்குள் பன்னிரண்டு புள்ளிகள் சேர்ந்தால் ஒரு பந்தயத்தை இழக்க வேண்டும். 2024இல் கெவின் மாக்னுசன் அவ்வாறு விலக்கப்பட்ட முதல் வீரரானார். 2018இல் ஓட்டுநர் தலையைக் காக்கும் ‘ஹேலோ’ என்ற வளையம் கட்டாயமாயிற்று. 2020 நவம்பரில் பஹ்ரைனில் அதே குரோஜான் குறுக்கே திரும்பியதால் மற்றொரு வண்டியில் உரசி இரும்புத் தடுப்பிற் பாய்ந்தார். வண்டி இரண்டாகப் பிளந்து தீப்பற்றியது. அந்த வளையமே அவரைக் காப்பாற்றியது. அரை நிமிடத்துக்குள் அவர் தீயினின்று தாமே வெளிவந்தார். மனிதன் பிழை செய்வான் என்பதை ஒப்புக்கொண்டு, அப்பிழைக்கு உயிரையே விலையாக வாங்காதபடி செய்வது அறிவுடைய ஏற்பாடாகும்.

இவற்றையெல்லாம் நாம் எடுத்துக் கூறியது வேடிக்கைக்காக மட்டுமன்று. பந்தயக் களத்தில் ஒரே திசையிற் செல்லும் வண்டிகள் உண்டு. தேர்ந்த ஓட்டுநர் உண்டு. தலைக்கவசமும் தீயணைப்போரும் மருத்துவரும் உண்டு. நமது நகரச் சாலைகளில் இவற்றுள் எதுவும் இல்லை. எதிரே லாரி வருகிறது. குறுக்கே குழந்தை ஓடுகிறது. ஓரத்தில் முதியவர் நடக்கிறார். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய அரசின் கணக்குக் கூறுகிறது. அவர்களுள் பத்தில் எழுவர் அளவினர் மிகை வேகத்தோடு தொடர்புடைய விபத்துகளில் இறந்தவர்கள். பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் விடுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. எனினும் பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் நள்ளிரவில் இளைஞர்கள் இருசக்கர வண்டிகளில் பந்தயம் விடும் ஒலி நம் வீட்டுச் சாளரத்தின் வழியே கேட்கவே செய்கிறது. சொந்த ஊரைவிட்டு வேலைக்கும் படிப்புக்குமாக வந்து, பெற்றோர் கண்ணுக்கு அப்பால் வாழும் நம் பிள்ளைகளும் அவர்களிடையே இருக்கக்கூடும். நள்ளிரவில் வரும் ஒரு தொலைபேசிச் செய்தி ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள குடும்பத்தை எவ்வாறு இடிக்கும் என்பதை வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

உலகப் பட்டம் வென்ற ஹாதோர்ன் அதே ஆண்டில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றார். களத்தின் ஆபத்துகள் அத்தனையையும் கடந்து வந்தவர் அவர். சில மாதங்களுக்குள், 1959 ஜனவரியில், இங்கிலாந்தின் பொதுச் சாலை ஒன்றில் தம் காரை வேகமாக ஓட்டிச் சென்றபோது விபத்துக்குள்ளாகி இறந்தார். அப்போது அவருக்கு வயது 29. உலகிலேயே சிறந்த ஓட்டுநர் என்று முடிசூட்டப்பட்டவருக்கும் ஈரச் சாலை சலுகை காட்டவில்லை.

வேகத்தில் ஆசை கொண்ட இளைஞர்களிடம் ஆசையை விட்டுவிடு என்று சொல்வதில் பயனில்லை. அந்த ஆசைக்குரிய இடம் இருங்காட்டுக்கோட்டை போன்ற களங்களில் இருக்கிறது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி முறையான பாதுகாப்போடு இரவுப் பந்தயமே நடத்திக் காட்டினார்கள். அங்கே சென்று பயிலட்டும். பயில்கையில், முந்துவதற்கு முன் மாற்றானுக்கு இடம் விடவும் பயிலட்டும். சாலையில் வண்டியை எடுக்கும் ஒவ்வொருவரும் புறப்படும் முன்னரே செய்துகொள்ள வேண்டிய முடிவும் ஒன்று உண்டு: யாரேனும் வம்புக்கு உரசிச் சென்றால் துரத்துவதில்லை, வழி கேட்பவனுக்கு வழி விடுவது, ஐயம் தோன்றினால் காலைத் தளர்த்துவது என்பதே அது. ஆபத்தான கணம் வந்த பின்னர் ஆராய நேரம் இராது. அதற்கு முன் நாம் எவ்வாறு வாழ்ந்தோமோ, எதை மனத்திற் பழக்கி வைத்தோமோ, அதுவே அக்கணத்தில் நம் கையைத் திருப்பும்.